‘எழுத முடியவில்லை’ என்று சொன்னது யார்?

நண்பர் ஒருவர் பயன்படுத்தும் வரைபட மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற உட்கார்ந்தோம். அரை மணி நேர வேலை என்று நினைத்தது இரண்டு மாலைகளைத் தின்றுவிட்டது. இடையில் மூன்று முறை "ஃபைலில் எழுத முடியவில்லை" என்ற செய்தி வந்து நின்றது. வார்த்தைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மூன்று பெட்டிகளும் சொன்னது ஒன்றைத்தான். காரணம் மட்டும் மூன்று தடவையும் வேறு. அடுத்த முறை எனக்கே தேவைப்படும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

நான் போவதற்கு முன்பே நண்பர் தனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் பார்த்திருந்தார். ரீஸ்டார்ட் செய்தாயிற்று, மறுபடி டவுன்லோட் செய்தாயிற்று, ரைட் கிளிக் செய்து அட்மினாக ஓட்டியாயிற்று, ஆன்டிவைரஸை அணைத்தாயிற்று. கடைசியில் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆன்டிவைரஸ்தான் தடுக்கிறது என்றால் அது தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும். முதலில் அதைப் பார்க்கலாம். விண்டோஸ் டிஃபெண்டரில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதி இயக்கத்தில் இருந்து, அது ஒரு புரோகிராமை டாக்குமெண்ட்ஸ் மாதிரியான ஃபோல்டரில் எழுத விடாமல் தடுத்தால், ஈவென்ட் வியூவரில் டிஃபெண்டருக்கான ஆப்பரேஷனல் லாகில் 1123 என்ற எண்ணோடு ஒரு பதிவு விழும். போய்ப் பார்த்தோம். அப்படி எதுவும் இல்லை. சரி, ஆன்டிவைரஸை மறுபடி இயக்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

டவுன்லோடு சரியாக வந்திருக்கிறதா என்பதையும் சர்ட்யூட்டில் கட்டளையை வைத்துச் சோதித்தேன். அதில் ஹேஷ்ஃபைல் என்ற விருப்பத்தைக் கொடுத்து எஸ்ஹெச்ஏ 256 மதிப்பை (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) எடுத்து, தயாரிப்பாளர் வெளியிட்ட மதிப்போடு ஒப்பிட்டால் போதும். பொருந்தியது. அப்படியானால் ஃபைலில் பழுதில்லை. பழுது இந்த கம்ப்யூட்டரில்தான் எங்கோ இருக்கிறது.

பெட்டிக்குள் பெட்டி

இன்ஸ்டாலர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே புரோகிராம் அல்ல. இதை செவன்-ஜிப் என்ற சுருக்கி விரிக்கும் மென்பொருளில் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வெளியே இருப்பது தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் ஒரு எக்ஸ்இ, அளவு 1.6 ஜிபி. அதற்குள் செட்டப் என்ற பெயரில் இன்னொரு எக்ஸ்இ. அது மேஸ்திரி மாதிரி. தானாக எதையும் கட்டாது, யார் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்தி ஏவிவிடும். அதன் கீழே மூன்று வேலையாட்கள்: மென்பொருள் ஓடத் தேவையான துணை ஃபைல்கள் அடங்கிய ரன்டைம் பேக்கேஜ் ஒன்று, முக்கிய மென்பொருளுக்கான எம்எஸ்ஐ (விண்டோஸே நிறுவித் தரும் வடிவிலான பேக்கேஜ்) ஒன்று, எக்ஸ்புளோரரில் ரைட் கிளிக் மெனு வரவைக்கும் பிளக்இன்னுக்கான சின்ன எக்ஸ்இ ஒன்று. எம்எஸ்ஐ-க்குப் பக்கத்தில் கேப் ஃபைல். உண்மையான ஃபைல்கள் எல்லாம் அந்த கேபுக்குள் சுருங்கிக் கிடக்கின்றன.

இந்த அடுக்குகளில் ஒவ்வொன்றும் வேறொரு இடத்தில் எழுதுகிறது. வேறொரு ஆளாக எழுதுகிறது என்பதுதான் இன்னும் முக்கியம். வெளி எக்ஸ்இ உங்கள் பெயரில், உங்கள் டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரில் விரிக்கும். எம்எஸ்ஐ-யை ஓட்டுவது விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ். அது சிஸ்டம் என்ற கணக்கில் ஓடுகிறது, நீங்கள் யார் என்பது அதற்கு இரண்டாம் பட்சம். ஆகவே "எழுத முடியவில்லை" என்று ஒரு பெட்டி வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி: இதைச் சொல்வது யார்?

பெட்டியின் முகத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். 1300-களில் ஒரு நான்கு இலக்க எரர் எண்ணும், ரீட்ரை, கேன்சல் பட்டன்களும் இருந்தால் அது எம்எஸ்ஐ. "எரர் ஓப்பனிங் ஃபைல் ஃபார் ரைட்டிங்" என்ற வாசகமும் அபார்ட், ரீட்ரை, இக்னோர் என மூன்று பட்டன்களும் இருந்தால் அது என்எஸ்ஐஎஸ் என்ற கருவி கொண்டு செய்த இன்ஸ்டாலர். "டிலீட்ஃபைல் ஃபெயில்டு, கோட் 5" என்ற தொனியில் பேசினால் இன்னோ செட்டப் என்ற இன்னொரு கருவி. சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரில் அந்த ஜன்னலின் மேல் ரைட் கிளிக் செய்து டீட்டெயில்ஸ் பக்கம் போனால் எந்த புரோசஸ் என்று காட்டிவிடும்.

முதல் பெட்டி: இடம் இருந்தும் இடம் இல்லை

எக்ஸ்இ-யை ஓட்டினோம். விரிக்கும் பச்சைப் பட்டை பாதிக்கு மேல் போய் நின்றது. "கேனாட் ரைட் ஃபைல்" என்று மொட்டையாக ஒரு வரி. எண்ணும் இல்லை, காரணமும் இல்லை. நண்பர் உடனே, "சி டிரைவுல 90 ஜிபி காலியா இருக்கு, பாருங்க" என்றார். இருந்தது. ஆனால் பெட்டியில் இருந்த பாதை சி-யில் ஆரம்பிக்கவில்லை. ஆர் டிரைவில் ஆரம்பித்தது.

"இந்த ஆர் டிரைவ் என்ன?"

"அதுவா... எஸ்எஸ்டி தேயாம இருக்கட்டும்னு ரேம்ல ஒரு டிரைவ் போட்டு, டெம்ப் ஃபோல்டரை அங்க மாத்தி வச்சேன். ரொம்ப நாள் ஆச்சு. மறந்தே போச்சு."

அந்த ரேம் டிஸ்க்கின் அளவு 2 ஜிபி. 1.6 ஜிபி எக்ஸ்இ விரிந்தால் 3.1 ஜிபி. செவன்-ஜிப்பில் விரிந்த அளவை முன்பே பார்த்திருந்தேன், ஆனால் டெம்ப் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. இந்த மாதிரி அடுக்கு இன்ஸ்டாலருக்கு இடம் கணக்குப் போடும்போது டவுன்லோடு ஒரு பங்கு, டெம்பில் விரிந்தது ஒரு பங்கு, கடைசியில் நிறுவப்படுவது ஒரு பங்கு என்று மூன்றையும் கூட்ட வேண்டும். இவை மூன்றும் மூன்று டிரைவில் இருக்கலாம். போதாக்குறைக்கு விண்டோஸ் இன்ஸ்டாலர், எம்எஸ்ஐ-யின் ஒரு நகலை விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்ற மறைவான ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும்.

அவருடைய ஏற்பாட்டை நிரந்தரமாக மாற்ற வேண்டாம் என்று, அட்மின் உரிமையோடு ஒரு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, தற்காலிக ஃபோல்டர் எங்கே என்று சொல்லும் டெம்ப் என்ற மாறியை அந்த ஜன்னலுக்கு மட்டும் சி டிரைவில் ஒரு புது ஃபோல்டருக்குத் திருப்பினேன். அதே ஜன்னலில் இருந்து எக்ஸ்இ-யை ஓட்டினேன். மறுபடியும் ஆர் டிரைவ்!

இங்கே பத்து நிமிடம் வீணாயிற்று. விண்டோஸில் தற்காலிக ஃபோல்டருக்கு இரண்டு மாறிகள் உண்டு: டெம்ப், டிஎம்பி. புரோகிராம்கள் வழக்கமாகக் கூப்பிடும் விண்டோஸ் செயற்கூறு முதலில் பார்ப்பது டிஎம்பி-யை. அது இல்லாவிட்டால்தான் டெம்பைத் தேடும். நான் மாற்றியது யாரும் பார்க்காத கதவின் பூட்டை. இரண்டையும் மாற்றிய பிறகு பச்சைப் பட்டை முழுதாக ஓடியது, மேஸ்திரி எழுந்தார், ரன்டைம் பேக்கேஜ் வந்த சுவடு தெரியாமல் முடிந்தது.

இதில் ஒரு சௌகரியமும் கிடைத்தது. புது டெம்ப் ஃபோல்டரின் பெயரை இரண்டே எழுத்தில் வைத்திருந்தேன். அடுக்கு இன்ஸ்டாலர்கள் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக விரித்துக்கொண்டே போகும். பழைய பாணி புரோகிராம்களுக்கு முழுப் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டக்கூடாது. நீண்ட பயனர் பெயரும் நீண்ட ஃபோல்டர் பெயர்களும் சேர்ந்தால் அந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும். இங்கே அது பிரச்சினை இல்லை, ஆனாலும் குட்டைப் பெயர் ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது பெட்டி: 1310

முக்கிய எம்எஸ்ஐ பாதி வழியில் நின்றது. எரர் 1310, டி டிரைவில் நூலகம் என்ற ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலில் எழுத முடியவில்லை, அந்த ஃபோல்டரை அணுக உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். ரீட்ரை, கேன்சல்.

"நான்தானே இந்த கம்ப்யூட்டருக்கே அட்மின்? எனக்கே உரிமை இல்லைன்னா வேற யார்கிட்ட போய் வாங்குறது?" என்றார் நண்பர்.

ரீட்ரை இரண்டு தடவை அழுத்தினேன். பத்து விநாடி விட்டு ரீட்ரை செய்து போய்விட்டால், அது ஆன்டிவைரஸோ தேடல் இன்டெக்ஸரோ ஃபைலைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்ததன் அறிகுறி. இங்கே போகவில்லை. அப்புறம் கைப்பழக்கத்தில் கேன்சலை அழுத்திவிட்டேன். அதுதான் அன்றைய பெரிய தப்பு. கேன்சல் என்றதும் எம்எஸ்ஐ தான் செய்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனது. அது முடிந்ததும் வெளி எக்ஸ்இ டெம்பில் விரித்ததையும் துடைத்துவிட்டது. தடயம் ஒன்றும் மிச்சமில்லை. முதல் மாலை அத்தோடு முடிந்தது.

இரண்டாவது மாலையில் புத்தி வந்திருந்தது. பெட்டி திரையில் நிற்கும் வரைதான் உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும். எனவே மறுபடி ஓட்டி, அதே 1310 வந்ததும் பட்டன் எதையும் தொடாமல், டெம்பில் விரிந்திருந்த முழு ஃபோல்டரையும் வேறிடத்துக்கு நகல் எடுத்துக்கொண்டேன். இனி வெளி எக்ஸ்இ-யும் மேஸ்திரியும் இல்லாமலேயே எம்எஸ்ஐ-யை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். (அதற்கு முன்னால் செவன்-ஜிப் ஜன்னலுக்குள்ளேயே எம்எஸ்ஐ-யை இரட்டைக் கிளிக் செய்து பார்த்த அசட்டுத்தனமும் உண்டு. எம்எஸ்ஐ மட்டும் தனியாக வெளியே வந்தது, கேப் வரவில்லை. 1311, மூல ஃபைலைக் காணவில்லை என்று இன்னொரு எரர். அது நோயே இல்லை, நான் உண்டாக்கிய புண்.)

தனியாக ஓட்டினால், "செட்டப் வழியாக வாருங்கள்" என்று எம்எஸ்ஐ திருப்பி அனுப்பியது. பல எம்எஸ்ஐ-க்கள் அப்படித்தான். மேஸ்திரி ஒரு அடையாளச் சீட்டு கொடுத்தனுப்பினால்தான் வேலை செய்யும். சரி, மேஸ்திரி வழியாகவே போகட்டும், ஆனால் நடப்பதை எழுதி வைக்கச் சொல்லலாம். எம்எஸ்ஐ-யை நேரடியாக ஓட்ட முடிந்தால் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையில் எல், நட்சத்திரம், வி என்று கொடுத்தாலே விரிவான லாக் கிடைக்கும். இங்கே அது முடியாததால் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், இன்ஸ்டாலர் என்ற இடத்தில் லாகிங் என்ற பெயரில் ஒரு மதிப்பைச் சேர்த்தேன். மதிப்பு: வாய்ஸ்வார்ம்அப். பாடகர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது போன்ற இந்தச் சொல் வேடிக்கையாகத் தெரியும், ஆனால் அதன் ஆங்கில எழுத்துகள் பதினொன்றும் பதினொரு வகைப் பதிவுகளுக்கான குறிகள். வி என்றால் விரிவாக, ஓ என்றால் டிஸ்கில் இடம் போதாத செய்தி, ஈ என்றால் எரர், இப்படி. எழுத்துகளை ஒரு சொல்லாக அடுக்கியவர் யாரோ ரசனைக்காரர். இதைப் போட்டுவிட்டால் எந்த அடுக்கின் வழியாக எம்எஸ்ஐ ஓடினாலும் டெம்பில் ஒரு லாக் விழும்.

நின்றிருந்த பெட்டியைத் தெரிந்தே கேன்சல் செய்து, மறுபடி ஓட்டி, 1310 வரும் வரை காத்திருந்து, அதையும் கேன்சல் செய்து, லாகைத் திறந்தோம். முப்பதாயிரம் வரிகளுக்கு மேல். இதை மேலிருந்து படிக்கக்கூடாது. "ரிட்டர்ன் வேல்யூ 3" என்று தேடி, முதலில் கிடைக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் விழுந்த பிறகு எழுந்த தூசி.

கிடைத்தது: எரர் 1310, சிஸ்டம் எரர் 5. வரியின் தொடக்கத்தில் எம்எஸ்ஐ, அடைப்புக்குள் ஒரு சிறிய எஸ்.

இரண்டுமே பேசுகிற விவரங்கள். 5 என்பது விண்டோஸின் அடிப்படை எரர் எண்களில் 'அனுமதி மறுப்பு'. 32 என்று இருந்தால் வேறொரு புரோகிராம் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது; 112 என்றால் டிஸ்க் நிறைந்துவிட்டது; 3 என்றால் அந்தப் பாதையே இல்லை. 1310 என்ற எண்ணை வைத்துக்கொண்டு மண்டையை உடைப்பதைவிட அதன் பின்னால் வரும் இந்தச் சின்ன எண்ணைப் பிடிப்பது மேல். அடுத்து அந்த எஸ்: அந்த வரியை எழுதியது சர்வீஸ் பக்கம். சி என்று இருந்தால் நம் பக்கம், அதாவது நம் பெயரில் ஓடும் ஜன்னல். ஆகவே எழுத முயன்று தோற்றது நண்பர் இல்லை, சிஸ்டம் கணக்கு.

நண்பர் நம்பவில்லை. நோட்பேடைத் திறந்து, நூலகம் ஃபோல்டரில் ஒரு வெற்று ஃபைலைச் சேமித்துக் காட்டினார். சேமிக்க முடிந்தது. "பாருங்க, எழுதுதே!" எழுதும்தான், எழுதியது அவர். இந்த நோட்பேடு சோதனை பலரை ஏமாற்றிவிடும். நான் எழுதினால் எழுதுகிறது, எனவே அனுமதியில் குறை இல்லை, எனவே இன்ஸ்டாலர்தான் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சோதிப்பது என்றால் அதே ஆளாக மாறிச் சோதிக்க வேண்டும். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள பிஎஸ்எக்ஸெக் என்ற கருவியை எஸ், ஐ என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டினால் சிஸ்டம் கணக்கிலேயே ஒரு கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும். திறந்தது. ஹூஅம்ஐ என்று தட்டினேன். என்டி அதாரிட்டி சிஸ்டம் என்றது. அங்கிருந்து நூலகம் ஃபோல்டரில் ஒரு வரி எழுதச் சொன்னேன்.

ஆக்சஸ் இஸ் டினைடு.

கம்ப்யூட்டரிலேயே பெரிய அதிகாரம் உள்ள கணக்குக்கு, ஒரு சாதாரண ஃபோல்டரில் ஒரு வரி எழுத அனுமதி இல்லை. ஃபோல்டரின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்டைத் திறந்தோம். மேல் ஃபோல்டரில் இருந்து அனுமதிகள் இறங்கி வருவது துண்டிக்கப்பட்டிருந்தது. பட்டியலில் ஒரே ஒரு பெயர்: நண்பருடையது. சிஸ்டம் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவின் உரிமைகளையும் சேர்த்தே வைத்திருக்கும், எனவே அந்தக் குழு இருந்திருந்தாலும் தப்பித்திருக்கும். அதுவும் இல்லை.

"இதைச் செஞ்சது யாரு?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான்தான். இந்த கம்ப்யூட்டரை வேற ரெண்டு பேரும் தொடுவாங்க. யாரும் என் வரைபடக் குறியீடுகளை அழிச்சிடக்கூடாதுன்னு லிஸ்ட்ல இருந்தவங்களை எல்லாம் எடுத்தேன். சிஸ்டம்னு யாரோ ஒருத்தர் இருந்தார். அவர் யாருன்னு தெரியல, அவருக்கு எதுக்குன்னு எடுத்துட்டேன்."

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய பதிப்பு அந்த நூலகத்தைத் திறந்து படித்தது, எழுதியது, ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அது எப்போதும் அவர் பெயரில்தான் ஓடியது. புதிய பதிப்பின் எம்எஸ்ஐ, நூலகம் இருக்கும் இடத்தை நினைவில் வைத்து அங்கேயே புதுக் குறியீடுகளைப் போடப் போனபோதுதான் சிஸ்டம் என்ற அந்த 'யாரோ ஒருத்தர்' வாசலில் நின்றார்.

சரிசெய்யும்போது எவ்ரிஒன் என்ற குழுவுக்கு முழு அனுமதி கொடுத்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. வேலை முடியும், ஆனால் நண்பர் எதற்காகப் பூட்டினாரோ அந்தப் பூட்டே போய்விடும். சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டை மட்டும் முழு அனுமதியோடு சேர்த்தேன். மறுபடி ஓட்டினோம். அந்த ஃபைலைத் தாண்டியது, அடுத்த சில ஃபைல்களைத் தாண்டியது, மறுபடி 1310. இந்த முறை உள்ளே இருந்த ஒரு துணை ஃபோல்டரில். அதையும் அவர் தனியாகப் பூட்டி வைத்திருந்தார். மேலே கொடுத்த அனுமதி அந்தப் பூட்டைத் தாண்டி இறங்கவில்லை.

இப்போது நான் கேன்சல் பக்கமே போகவில்லை. பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு, அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஐகேக்ல்ஸ் கட்டளையால் சிஸ்டத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கும் முழு உரிமையை, உள்ளே இருக்கும் எல்லா ஃபைல்களுக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அதில் டி என்ற விருப்பம்தான் உள்ளே உள்ளே போகச் சொல்வது. ஓஐ, சிஐ என்ற குறிகள் இனி புதிதாக உண்டாகும் ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் அது இறங்க வேண்டும் என்பதற்கு. பிறகு ரீட்ரை. எம்எஸ்ஐ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓடி முடித்தது.

எண்களின் மொழிபெயர்ப்பு

இடையில் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கேன்சலுக்குப் பிறகும் மேஸ்திரி தன் ஜன்னலில் 0எக்ஸ்80070643 என்று ஒரு எண்ணைக் காட்டினார். நண்பர் அதைத்தான் முதலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், நூறு வகையான பதில்கள் கிடைத்திருக்கின்றன. அந்த எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களான 643-ஐப் பதினாறடிமான எண்ணாக எடுத்துத் தசமத்துக்கு மாற்றினால் 1603. அது எம்எஸ்ஐ சொல்லும் "ஏதோ ஒரு காரணத்தால் நின்றுவிட்டது" என்ற பொதுவான எண். உள்ளே 5 என்று பிறந்த எரர், எம்எஸ்ஐ-யில் 1310 ஆகி, வெளியே வரும்போது 1603 ஆகி, மேஸ்திரி வாயில் 0எக்ஸ்80070643 ஆகிவிட்டது. ஒரு அடுக்கு ஏறும்போதெல்லாம் ஒரு விவரம் உதிர்ந்துவிடுகிறது. இதே கணக்கில் 0எக்ஸ்80070005 என்றால் 5, கடைசியில் 0020 என்றால் 32, 0070 என்றால் 112.

மூன்றாவது பெட்டி: பிடித்திருந்தது நாங்களே

கடைசி வேலையாள், அந்த ரைட் கிளிக் பிளக்இன். "எரர் ஓப்பனிங் ஃபைல் ஃபார் ரைட்டிங்", ஒரு டிஎல்எல் (புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணை ஃபைல்) பெயர், மூன்று பட்டன்கள். என்எஸ்ஐஎஸ்.

நண்பரின் கை இக்னோர் பக்கம் போனது. தடுத்தேன். முன்பு ஒரு முறை வேறொரு மென்பொருளில் நான் இக்னோர் அழுத்தியிருக்கிறேன். இன்ஸ்டால் வெற்றி என்று சொன்னது, ஆனால் புரோகிராமைத் திறந்தால் டிஎல்எல்-லில் ஏதோ ஒரு என்ட்ரி பாயின்ட்டைக் காணவில்லை என்று புலம்பியது. புது எக்ஸ்இ, பழைய டிஎல்எல். அந்த ஃபைலைத் தாண்டிப் போ என்று நான் சொன்னதை அது அப்படியே செய்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தடவை அனுமதிச் சிக்கல் இல்லை என்று ஊகித்தேன், ஏனென்றால் ஃபைல் இருந்தது புரோகிராம் ஃபைல்ஸில். அங்கே நண்பர் கை வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார். யாரோ பிடித்திருக்கிறார்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் டாஸ்க்லிஸ்ட் கட்டளைக்கு எம் என்ற விருப்பத்தையும் டிஎல்எல் பெயரையும் கொடுத்தால் அந்த டிஎல்எல்-லை ஏற்றி வைத்திருக்கும் புரோசஸ்கள் பட்டியலாக வரும். வந்தது ஒரே பெயர்: எக்ஸ்புளோரர். நியாயம்தான். அரை மணி நேரமாக நாங்கள் ஃபோல்டர்களைத் திறந்து ரைட் கிளிக் செய்து செக்யூரிட்டி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ரைட் கிளிக்குக்கும் எக்ஸ்புளோரர் அந்தப் பழைய பிளக்இன் டிஎல்எல்-லைக் கூப்பிட்டுத்தானே மெனு போட்டிருக்கும்! இரண்டாவது பிரச்சினையைத் தீர்க்கச் செய்த வேலையே மூன்றாவதை உண்டாக்கிவிட்டது.

எக்ஸ்புளோரரை நிறுத்தி மறுபடி தொடங்கலாம், அது ஒரு வழி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும் டிஎல்எல்-லை விண்டோஸில் அழிக்க முடியாது, மேலெழுத முடியாது. ஆனால் பெயர் மாற்றலாம். பிடித்திருக்கும் புரோசஸ் பெயரைப் பிடித்திருக்கவில்லை, உள்ளடக்கத்தைப் பிடித்திருக்கிறது. ரென் கட்டளையால் அந்த டிஎல்எல்-லின் பெயருக்குப் பின்னால் ஓல்டு என்று சேர்த்தேன். முணுமுணுக்காமல் மாறியது. பழைய பெயர் காலியாகிவிட்டது. பெட்டியில் ரீட்ரை. புது டிஎல்எல் அந்தப் பெயரில் போய் உட்கார்ந்தது. எக்ஸ்புளோரர் தன் கையில் இருந்த பழையதையே கொஞ்ச நேரம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது.

இதே சூழ்நிலையில் எம்எஸ்ஐ-யாக இருந்தால் பெரும்பாலும் இந்தப் பெட்டி வந்திருக்காது. பிடிபட்ட ஃபைலை அடுத்த ரீஸ்டார்ட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு, 3010 என்ற எண்ணோடு முடித்துக்கொள்ளும். 3010 தோல்வி இல்லை, "முடிந்தது, ஆனால் ரீஸ்டார்ட் வேண்டும்" என்று பொருள். அதைப் பார்த்துப் பதறி மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரி கடைசியாகப் பச்சை டிக் காட்டினார். ரீஸ்டார்ட் செய்து, ஓல்டு என்ற பெயரில் கிடந்த டிஎல்எல்-லை அழித்தேன். ரெஜிஸ்ட்ரியில் போட்ட வாய்ஸ்வார்ம்அப்பையும் எடுத்தேன். விட்டுவைத்தால் இனி வரும் ஒவ்வொரு எம்எஸ்ஐ-யும் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதிக்கொண்டு மெதுவாக ஓடும். சி டிரைவில் வைத்த இரண்டெழுத்து ஃபோல்டரை நண்பர் வைத்துக்கொள்கிறேன் என்றார். ரேம் டிஸ்க்கும் இருக்கிறது, பெரிய இன்ஸ்டால் வரும்போது மட்டும் இரண்டு மாறிகளையும் திருப்பிக்கொள்வாராம். நான் வாதாடவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "இன்ஸ்டால்தான் முடிஞ்சுதே, நூலகத்துல இருந்து சிஸ்டத்தை மறுபடி எடுத்துடலாமா?"

அடுத்த அப்டேட்டும் சிஸ்டம் பெயரில்தான் வரும் என்றேன். யோசித்துவிட்டு, நூலகம் ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு அதில் இப்படி எழுதி வைத்தார்: "சிஸ்டம் நம்ம ஆள்தான். எடுக்க வேண்டாம்."